டர்பன் கடலோரம் முதல் டிராகன்ஸ்பெர்க் மலை வரை: குளிர்கால டயர் தேர்வுக்கு முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவில் ஆடி மாதம் என்றால் நடுக்குளிர்காலம். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் பூசைக்கு டர்பன் போய்ச் சேர வேண்டும் என்று ஜொஹானஸ்பர்க் அருகிலுள்ள லெனேசியாவிலிருந்து அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பும் குடும்பங்கள் உண்டு. அப்படிக் கிளம்பினால் வழியிலுள்ள வான் ரீனன் மலைக் கணவாயை ஆறு மணியளவில் கடக்க வேண்டியிருக்கும். கணவாயின் உயரம் சுமார் 1,680 மீட்டர். நாளிலேயே மிகவும் குளிரும் நேரமும் அதுதான். அதே வண்டி பத்து மணிக்கு டர்பனில் 20 டிகிரி வெயிலில் நிற்கும். ஒரே காலைப்பொழுதில் இரண்டு பருவத்தையும் தாங்கும் டயர் நமக்கு வேண்டும். ஐரோப்பியருக்கோ கனடாக்காரருக்கோ சொல்லும் அறிவுரையை அப்படியே எடுத்துக்கொண்டால் இங்கே பணமும் வீண், சில இடங்களில் ஆபத்தும் கூட.

உங்கள் வண்டி ஓடும் மிகக் குளிர்ந்த விடியற்காலை எது, ஆண்டில் அது எத்தனை முறை வரும் என்ற இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்தால் டயர் தேர்வில் பாதி முடிந்தது.

படி 1: உங்கள் குளிரைக் கணக்கிடுங்கள்

நம் வண்டிகளில் பெரும்பாலும் இருப்பவை கோடைக்கால டயர்கள். அவற்றின் ரப்பர் சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறுகத் தொடங்கும். இறுகிய ரப்பர் தார்ச் சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் அழுந்தாது. அதனால் பனியே விழாத காய்ந்த சாலையிலும் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் கூடும்.

குளிர்கால டயரின் ரப்பர்க் கலவை வேறு. பூஜ்யத்துக்குக் கீழே போனாலும் அது நெகிழ்ந்தே இருக்கும். தரையைத் தொடும் டிரெட் கட்டைகள் முழுக்க மெல்லிய வெட்டுகள் இருக்கும். வண்டி உருளும்போது அவை விரிந்து பனியைக் கவ்வும். கட்டைகளுக்கு நடுவேயுள்ள அகன்ற பள்ளங்களில் பனி அடைந்துகொள்ளும். பனி பனியோடுதான் நன்றாகப் பிடிக்கும், ஆகவே அடைந்த பனியே தரையைப் பற்ற உதவுகிறது.

இந்த மென்மை வெயிலில் பகையாகிவிடும். 20 டிகிரி தார்ச் சாலையில் குளிர்கால டயரின் கட்டைகள் நெளியும், வண்டி திருப்பத்தில் மிதப்பதுபோல் இருக்கும், பிரேக் தூரம் கோடைக்கால டயரைவிட நீளும், ரப்பரும் விரைவில் தேயும்.

இதை வைத்து உங்கள் இடத்தைப் பாருங்கள்.

டர்பன், சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டோங்காட், வெருலம் போன்ற கடலோர ஊர்களில் ஜூலை இரவிலும் வெப்பம் சராசரியாக 11, 12 டிகிரிக்குக் கீழே போவதில்லை. இங்கேயே ஓடும் வண்டிக்குக் குளிர்கால டயர் வேண்டாம். யார் விற்க வந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். நல்ல டிரெட் உள்ள கோடைக்கால டயரே இங்கே பாதுகாப்பு.

ஜொஹானஸ்பர்க், லெனேசியா, நியூகாசில், லேடிஸ்மித், ஹாரிஸ்மித் ஆகிய உள்நாட்டு ஊர்களிலும், ஜொஹானஸ்பர்க்கையும் டர்பனையும் இணைக்கும் என்3 நெடுஞ்சாலையில் அடிக்கடி ஓடுபவர்களுக்கும் நிலைமை வேறு. இரவு பூஜ்யத்தை நெருங்கும், சில இடங்களில் அதற்கும் கீழே போகும். பகலில் 16 முதல் 20 டிகிரி வரை வெயில். குளிர்காலம் இங்கே வறண்ட காலம் என்பதால் பனிப்பொழிவு அரிது. ஆனால் உறைபனி, பாலத்தின் மேல் படியும் பனிப்படலம், உடைந்த குழாயிலிருந்து சாலையில் வழிந்து உறைந்த தண்ணீர் எல்லாம் உண்டு. இவர்களுக்கு ஏற்றது பனிச் சின்னம் (படி 2இல் பாருங்கள்) பெற்ற எல்லாப் பருவ டயர். முழுக் குளிர்கால டயர் பகல் வெயிலிலேயே தேய்ந்துபோகும்.

மூன்றாவது, மலை. லெசோத்தோ எல்லையிலுள்ள சானி கணவாயின் உச்சி 2,876 மீட்டர். லெசோத்தோவின் ஆஃப்ரிஸ்கி பனிச்சறுக்கு மையம் 3,000 மீட்டருக்கு மேல். ஈஸ்டர்ன் கேப் மாகாணத்தில் ரோட்ஸ் ஊருக்கு மேலே டிஃபின்டெல் மலைப்பகுதி. இந்த மலைகளில் வேலை பார்ப்பவர்களுக்கும், சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்பவர்களுக்கும், ஒவ்வொரு குளிர்காலமும் பலமுறை ஏறுபவர்களுக்கும் மட்டுமே முழுக் குளிர்கால டயர் பொருந்தும். ஆண்டுக்கு ஒருமுறை குழந்தைகளுக்குப் பனி காட்டப் போகும் குடும்பத்துக்கு எல்லாப் பருவ டயரும், டயர்மேல் மாட்டும் ஒரு ஜோடிப் பனிச் சங்கிலியும் போதும்.

நாட்காட்டியை மட்டும் நம்ப வேண்டாம். 2012 ஆகஸ்டில் நாட்டின் பல மாகாணங்களில் பனி பெய்தது. 2023 ஜூலை 10 அன்று ஜொஹானஸ்பர்க்கிலேயே பெய்தது. 2024இல் வான் ரீனன் கணவாயை அடைத்து, நூற்றுக்கணக்கான வண்டிகளை இரவு முழுக்க நிறுத்திய பனிப்பொழிவு செப்டம்பர் 20ஆம் தேதி வந்தது. குளிர் முடிந்தது என்று எல்லோரும் நினைத்திருந்த புரட்டாசி அது.

படி 2: டயரின் பக்கச்சுவரைப் படியுங்கள்

கடைக்காரர் சொல்வதைவிட டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருப்பதை நம்புங்கள். இரண்டு அடையாளங்களைத் தேடுங்கள்.

எம்+எஸ் என்ற எழுத்துகள் சேற்றுக்கும் பனிக்கும் உரிய டயர் என்று தயாரிப்பாளர் தாமே சொல்லிக்கொள்வது. டிரெட்டின் வடிவத்தை வைத்து அச்சிடுவார்கள். அதற்குப் பனியில் சோதனை எதுவும் தேவையில்லை. பக்கி எனப்படும் பிக்கப் வண்டிகளின் டயர்களில் பெரும்பாலும் இது இருக்கும். ஜெர்மனி 2024 அக்டோபர் முதல் இந்த எழுத்துகளை மட்டும் கொண்ட டயரைக் குளிர்கால டயராக ஏற்பதில்லை.

மூன்று சிகரங்கள் கொண்ட மலை, அதற்குள் ஒரு பனித்துகள்: இந்தச் சின்னம் உள்ள டயர் பனியில் ஓட்டிச் சோதிக்கப்பட்டது. அமெரிக்க முறைப்படி, ஒப்பீட்டுக்கு வைத்திருக்கும் டயரைவிடக் குறைந்தது 10 சதவீதம் கூடுதலாக அது பனியில் இழுக்க வேண்டும். இது பனிக்கான சோதனை. கண்ணாடிபோல் உறைந்த பனிக்கட்டியில் டயர் எப்படி நிற்கும் என்பதற்கு இந்தச் சின்னம் உத்தரவாதம் தராது.

கார்களுக்கு மிஷெலின் கிராஸ்கிளைமேட் 2, பக்கிக்கும் நான்கு சக்கர இழுவை வண்டிக்கும் பி.எஃப்.குட்ரிச் கே.ஓ.2, ஜெனரல் கிராபர் ஏ.டி.3 போன்றவை இந்தச் சின்னத்தோடு வருபவை. ஒரே பெயரில் எல்லா அளவுக்கும் சின்னம் இருக்கும் என்று எண்ணாதீர்கள். உங்கள் அளவு டயரை நேரில் பார்த்து, சின்னத்தைக் கண்ணால் கண்ட பிறகே பணம் கொடுங்கள்.

இங்கே அதிகம் நடக்கும் தவறு, பெரிய பெரிய கட்டைகள் கொண்ட சேற்று டயரைப் பார்த்து, ‘இது எதிலும் ஏறும்’ என்று நம்புவது. சேற்றில் ஏறும், பனிக்கட்டியில் ஏறாது. அதன் ரப்பர் கடினம், மெல்லிய வெட்டுகள் மிகக் குறைவு, தரையைத் தொடும் பரப்பும் குறைவு. உறைந்த தார்ச் சாலையில் ஒரு சாதாரணக் காரின் எல்லாப் பருவ டயர் அதைவிட நன்றாக நிற்கும். இரும்பு முளை பதித்த டயரையும் தவிர்த்துவிடுங்கள். நம் சாலைகள் குளிர்காலத்தில் பெரும்பாலும் காய்ந்தே கிடக்கும். காய்ந்த தாரில் இரும்பு முளை வழுக்கும், சாலையையும் கிழிக்கும்.

படி 3: அளவு, சுமை, வேகம்

ஓட்டுநர் கதவை ஒட்டிய தூணில் உள்ள ஒட்டுத்தாளிலோ வண்டியின் கையேட்டிலோ டயர் அளவு இருக்கும். 205/55 ஆர்16 91 எச் என்றிருந்தால் அகலம் 205 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அந்த அகலத்தில் 55 சதவீதம், ரிம் 16 அங்குலம். சுமை எண் 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும். எச் என்பது மணிக்கு 210 கிலோமீட்டர் வரை.

பனியில் ஒடுங்கிய டயர் நல்லது. அகன்ற டயர் புதுப்பனியின் மேல் மிதக்கும், ஒடுங்கியது வெட்டிக்கொண்டு அடித்தளத்தைத் தொடும். உங்கள் வண்டிக்குக் கையேடு இரண்டு அளவுகளை அனுமதித்தால் சிறிய ரிம்மையும் உயர்ந்த பக்கச்சுவரையும் எடுங்கள். உதாரணமாக 225/45 ஆர்17 டயரின் மொத்த விட்டம் 634 மில்லிமீட்டர். 205/55 ஆர்16 டயரின் விட்டம் 632. வேகமானி ஏறக்குறைய மாறாது, மலைப்பாதைக் குழிகளில் ரிம் வளையும் வாய்ப்பும் குறையும். பிரேக் பாகங்கள் சிறிய ரிம்முக்குள் அடங்குமா என்று டயர் கடையில் ஒரு சக்கரத்தைப் பூட்டிச் சுழற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுமை எண் பழைய டயரைவிடக் குறையவே கூடாது. வேக எழுத்தையும் குறைக்க வேண்டாம். சில குளிர்கால டயர்கள் கியூ என்ற எழுத்தோடு வரும். அதன் எல்லை 160 கிலோமீட்டர். நம் சாலை வரம்பு 120 தான் என்றாலும், கையேடு கேட்பதைவிடக் குறைந்த எழுத்தைப் போடுவதற்கு முன் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். விபத்துக்குப் பிறகு இந்த எழுத்துதான் பேச்சாகும்.

படி 4: வயதும் ஆழமும்

பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் டயரின் பிறந்த வாரத்தைச் சொல்லும். 2325 என்றால் 2025ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். தென்னாப்பிரிக்கக் கடைகளில் குளிர்கால டயர் மெதுவாக விற்கும் சரக்கு, ஆகவே கிடங்கில் கிடந்து இறுகிய டயர் ‘புதியது’ என்ற பெயரில் கைக்கு வரலாம். இரண்டு ஆண்டுக்கு மேற்பட்டதை வாங்காதீர்கள். ஆறு ஆண்டு கடந்த குளிர்கால டயரின் டிரெட் நன்றாகத் தெரிந்தாலும் பனிக்கு அதை நம்ப வேண்டாம். அதன் பலமே மென்மையில்தான் இருக்கிறது.

பெரும்பாலான கடைகள் இவற்றைக் கேட்டபின்தான் தருவிக்கும். ஜூனில் போய்க் கேட்டால் கையில் இருப்பதைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். பிப்ரவரியிலோ மார்ச்சிலோ சொல்லி வைத்து, மே மாத நடுவில் பூட்டிவிடுங்கள்.

ஆழத்தைப் பொறுத்தவரை, சாலைச் சட்டம் சொல்லும் குறைந்த அளவு 1 மில்லிமீட்டர். தேய்மானத்தைக் காட்டப் பள்ளங்களுக்குள் வைத்திருக்கும் சிறு ரப்பர்த் திட்டுகள் 1.6 மில்லிமீட்டரில் இருக்கும். பனிக்கு இரண்டுமே போதாது. 4 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்த டயரின் பள்ளத்தில் பனி அடைய இடமில்லை. மெல்லிய வெட்டுகளும் பெரும்பாலும் தேய்ந்து போயிருக்கும். ஆழமானி இல்லையென்றால் ஒரு தீக்குச்சியைப் பள்ளத்தில் நிறுத்தி, நகத்தால் அடையாளம் பிடித்து, அளவுகோலில் பாருங்கள். உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என மூன்று இடத்தில் பார்க்க வேண்டும். நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம் வைத்து ஓட்டியிருக்கிறீர்கள். இரண்டு விளிம்பும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் சக்கர நேர்ப்பாடு கெட்டிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் அப்படியே போகும்.

படி 5: நான்கும் ஒன்றாக

பணம் மிச்சம் என்று இழுக்கும் சக்கரங்களுக்கு மட்டும் நல்ல டயர் போடுவது மிக ஆபத்தானது. முன்சக்கர இழுவைக் காரில் முன்னால் மட்டும் பனி டயர் இருந்தால், பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் நிற்கும், பின்பக்கம் வழுக்கிக்கொண்டு முன்னே வரும், வண்டி சுழன்றுவிடும். பின்னால் மட்டும் போட்டால் திருப்பத்தில் ஸ்டியரிங் திரும்பும், வண்டி நேராகப் போகும். நான்கு சக்கர இழுவை வண்டியில் டயர்களின் விட்டம் வேறுபட்டால் இழுவையைப் பகிர்ந்தளிக்கும் பெட்டிக்குள் ஓயாத இழுபறி. பழுது வரும்போது செலவு நான்கு டயரையும் மிஞ்சும்.

பூட்டும்போது சுழற்சி அம்பு முன்னோக்கி இருக்கிறதா, ‘வெளிப்பக்கம்’ என்று எழுதிய பக்கம் வெளியே தெரிகிறதா என்று நீங்களே பாருங்கள். அம்பு தலைகீழானால் டிரெட் நீரையும் பனியையும் வெளியே தள்ளாமல் நடுவே இழுக்கும். ரிம் நட்டுகளைக் கையேட்டில் உள்ள முறுக்கு அளவில் இறுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி சரிபாருங்கள். புது டயரின் மேல் வார்ப்பு எண்ணெயின் வழவழப்பு இருக்கும். முதல் 300 கிலோமீட்டர் காய்ந்த சாலையில் நிதானமாக ஓட்டித் தேய்த்த பிறகே மலையேறுங்கள்.

உபரிச் சக்கரத்தை மறக்க வேண்டாம். இங்கே மேரி பிஸ்கட் என்று சொல்லும் மெல்லிய சக்கரம் 80 கிலோமீட்டர் வேகத்துக்கும் காய்ந்த சாலைக்கும் மட்டுமே. மலைக்குப் போவதென்றால் முழு அளவு உபரி எடுத்துச் செல்லுங்கள்.

படி 6: காற்றழுத்தம் – குளிரும் உயரமும் சேரும் கணக்கு

பல வழிகாட்டிகள் ‘குளிர் வந்தால் காற்று குறையும், கூட்டி வையுங்கள்’ என்று ஒரே வரியில் முடித்துவிடும். கடலோரத்திலிருந்து மலைக்கு ஏறும் நமக்கு அது அரைக் கணக்குதான்.

கார் டயரில் வெப்பம் 10 டிகிரி குறைந்தால் அழுத்தம் சுமார் 10 கிலோபாஸ்கல் குறையும். உயரம் எதிர்த்திசையில் வேலை செய்யும். வான் ரீனன் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 18 கிலோபாஸ்கல் குறைவு. அழுத்தமானி உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் காட்டுகிறது, ஆகவே அதே அளவு கூடுதலாகக் காட்டும்.

டர்பனில் 22 டிகிரியில் 220 கிலோபாஸ்கல் வைத்த டயர், வான் ரீனனில் மைனஸ் 3 டிகிரி விடியலில் ஆறிய நிலையில் சுமார் 211 காட்டும். 25 டிகிரி குளிருக்கு 27 போனது, உயரத்துக்கு 18 வந்தது. இந்த அளவு வித்தியாசத்துக்குக் கிளம்புமுன் கூட்டி வைக்கத் தேவையில்லை. உயரத்தில் வசிப்பவருக்கு அந்த 18 கிடையாது. ஹாரிஸ்மித்தில் பகல் 18 டிகிரியில் 220 வைத்தவர், மறுநாள் விடியலில் 200க்கும் கீழே ஓட்டிக்கொண்டிருப்பார்.

திரும்பும் வழியில் நடப்பதை யாரும் கவனிப்பதில்லை. ஹாரிஸ்மித்தில் தங்கி, நண்பகல் 15 டிகிரியில் 220 வைத்து டர்பன் இறங்கினால், அங்கே 24 டிகிரியில் ஆறிய டயர் 211 காட்டும். வெயில் கூடியும் அழுத்தம் குறைந்திருக்கும். முழுக் குடும்பமும் சாமான்களும் ஏறிய வண்டியில், சூடான சாலையில், குறைந்த காற்றோடு ஓடுவது டயரின் உட்புறத்தைச் சூடாக்கிக் கெடுக்கும். கடலோரம் வந்த மறுநாள் காலை கட்டாயம் பாருங்கள்.

எப்போது அளப்பது? வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்றபின். நெடுஞ்சாலையில் 200 கிலோமீட்டர் ஓடி, பெட்ரோல் நிலைய ஊழியரிடம் டயர் பார்க்கச் சொன்னால் அவர் அளப்பது சூடான காற்று. ‘அதிகமாக இருக்கிறது’ என்று இறக்கினால் மறுநாள் காலை ஆபத்தான அளவுக்குக் குறைந்திருக்கும். சூடாக இருக்கும்போது காற்றை இறக்கச் சொல்லாதீர்கள். உங்களுக்கென ஒரு நல்ல அழுத்தமானியை வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

மணலில் காற்று இறக்குவதுபோல் பனியிலும் இறக்க வேண்டும் என்ற பேச்சு உண்டு. உறைந்த தார்ச் சாலையில் இறக்கக் கூடாது. டயர் தளர்ந்து டிரெட்டின் பள்ளங்கள் மூடிக்கொள்ளும். சானியின் கரடுமுரடான சரளைக்கு 160 முதல் 180 வரை இறக்குவது வேறு விஷயம். தாரைத் தொட்டதும் திரும்ப அடிக்கக் காற்றடிக்கும் மோட்டார் கையில் இருக்க வேண்டும்.

படி 7: சங்கிலியும் மணலும்

சங்கிலியை உங்கள் டயர் அளவுக்கென்றே வாங்குங்கள். சில கார்களில் டயருக்கும் உள்பாகங்களுக்கும் இடைவெளி போதாது. கையேடு தடுத்தால் சங்கிலிக்குப் பதில் டயர்மேல் மாட்டும் துணியுறை வகையைத் தேடுங்கள். இழுக்கும் சக்கரங்களில் மாட்ட வேண்டும். வீட்டு வாசலில், கையுறை போட்டுக்கொண்டு, இரண்டு முறையாவது மாட்டிப் பழகுங்கள். ஆஃப்ரிஸ்கி போகும் வழியிலுள்ள மோட்டெங் கணவாயில் காற்றடிக்கும்போது முதல் முறையாகப் பிரித்துப் பார்ப்பது பயன்படாது. மாட்டிச் சில நூறு மீட்டர் போனதும் நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்ட வேண்டாம். வெறும் தார் தெரிந்ததும் கழற்றிவிடுங்கள்.

பின்சக்கர இழுவைப் பக்கி காலியாக ஓடினால் பின்பக்கம் எடையில்லாமல் ஆடும். இரண்டு மூன்று 40 கிலோ மணல் மூட்டைகளைப் பின் அச்சுக்கு நேர் மேலே வைத்துக் கட்டுங்கள். கட்டாத மூட்டை பிரேக் பிடிக்கும்போது பறந்து வரும். சிக்கிக்கொண்டால் அதே மணலைச் சக்கரத்துக்கு முன் தூவலாம். சானியில் தென்னாப்பிரிக்க எல்லைக் காவல் நான்கு சக்கர இழுவை வண்டியை மட்டுமே மேலே விடும்; சங்கிலி இருக்கிறது என்று காரோடு போய் நிற்காதீர்கள்.

படி 8: சாலையில்

பாலங்கள், மலை நிழல் விழும் வளைவுகள், மரங்கள் அடர்ந்த பள்ளங்கள் முதலில் உறையும். டயர்ச் சத்தம் திடீரென அடங்கி, ஸ்டியரிங் லேசானால் பனிப்படலத்தின் மேல் இருக்கிறீர்கள். ஆக்சிலரேட்டரை மெல்ல விடுங்கள், திடீரென எதையும் திருப்ப வேண்டாம். முன்வண்டிக்கும் உங்களுக்கும் 8 முதல் 10 விநாடி இடைவெளி விடுங்கள்.

எந்த டயரும் குறுக்கே திரும்பி நிற்கும் லாரியைத் தாண்டிப் போகாது. வான் ரீனனில் வண்டிகளை அடைத்து நிறுத்துவது பெரும்பாலும் ஏற்றத்தில் வழுக்கிக் குறுக்கே நின்ற லாரிகள்தான். வானிலை நிலையம் பனிக்கு ஆரஞ்சு எச்சரிக்கை விட்டிருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். கிளம்பித்தான் ஆக வேண்டுமென்றால் மூன்று மணிக்குப் பதில் ஏழு மணிக்குக் கிளம்பி, வெயில் ஏறியபின் கணவாயைக் கடங்கள். டாங்கில் பாதிக்கு மேல் எரிபொருள், ஆளுக்கொரு கம்பளி, தண்ணீர், சாப்பாடு வண்டியில் இருக்கட்டும்.

படி 9: கழற்றி வைப்பது

முழுக் குளிர்கால டயர் போட்டவர்கள் அக்டோபர் நடுவில் கழற்றலாம். 2024 செப்டம்பரை நினைத்து அதற்குமுன் அவசரப்பட வேண்டாம். தனியாக ஒரு செட் ரிம் வாங்கிவிட்டால் ஆண்டுக்கு இருமுறை டயரை ரிம்மிலிருந்து பிரிக்கும் கூலியும், பிரிக்கும்போது விளிம்பு கிழியும் அபாயமும் மிச்சம். கழற்றுமுன் எது எந்தச் சக்கரம் என்று சுண்ணாம்புக்கட்டியால் எழுதி, அடுத்த முறை முன்னுள்ளதைப் பின்னும் பின்னுள்ளதை முன்னும் மாற்றலாம். ஆனால் ஒரு ஜோடியின் ஆழம் தெளிவாகக் கூடியிருந்தால் அந்த ஜோடிதான் பின்னால் போக வேண்டும்.

நன்றாகக் கழுவி, முழுக்கக் காயவைத்து, கருப்புப் பிளாஸ்டிக் பையில் கட்டி, வெயில் படாத அறையில் வையுங்கள். ரிம்மோடு உள்ளவற்றைப் படுக்கவைத்து அடுக்கலாம். ரிம் இல்லாதவற்றை நிறுத்தி வைத்து மாதமொருமுறை சற்று உருட்டிவிடுங்கள். டர்பன் வீடுகளின் கராஜில் பழைய ஃபிரீசரும் வெல்டிங் இயந்திரமும் டயரும் ஒரே மூலையில் இருப்பது வழக்கம். மின்மோட்டார்ப் பொறியும் வெல்டிங்கும் உண்டாக்கும் ஓசோன் வாயு ரப்பரில் வெடிப்பு விழச் செய்யும், ஆகவே டயரை வேறு அறைக்கு மாற்றுங்கள். பளபளப்புக்காக எண்ணெயோ மெருகுத் திரவமோ பூச வேண்டாம்.